நான் நீக்கச் சொன்ன பக்கம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நாலைந்து வருஷம் ஆகிறது. இரண்டு முறை நோட்டுப் போட்டு எழுதியும் பார்த்தேன். முதல் முறை எழுதியதைப் படித்தபோது என் மேல் எனக்கே பாவமாக இருந்தது. அப்படியானால் எங்கேயோ தப்பாக எழுதியிருக்கிறேன் என்று கிழித்துப் போட்டேன். இரண்டாம் முறை பாதியில் நின்றுவிட்டது. நான் பத்தாவது வரை படித்தவன். ஆனால் இத்தனை தாமதத்துக்குக் காரணம் படிப்புக் குறைச்சல் இல்லை, வெட்கம். சாமி கும்பிடுகிறவன் என்று நாலு பேர் மதிக்கிற ஒருவன், தான் செய்ததைத் தன் கையால் எழுதுவது லேசான காரியமாக இல்லை.

திருப்பூர் பக்கம் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்கு நான் சூப்பர்வைசர். தைத்து வருகிற பீஸை டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் விரித்து, உள்ளே வெளியே திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்ப்பது எங்கள் வேலை. தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் இதுதான் தொழில். ஒரு துணியைக் கையில் எடுத்தால் அது நல்லதா என்று கண் பார்ப்பதில்லை, எங்கே தப்பு என்றுதான் தேடும்.

எங்கள் குலதெய்வக் கோயில் கொமரலிங்கம் பக்கம் அமராவதிக் கரையில் இருக்கிறது. சின்னக் கோயில். அமாவாசை தவறாமல் குடும்பத்தோடு போவோம். கோயிலை எடுத்துக் கட்டிக் கும்பாபிஷேகம் செய்வது என்று பங்காளிகள் எல்லாம் கூடி முடிவானபோது, விழா மலர் போடுகிற பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். “நீதான் போன்லயே தமிழ் அடிக்கிறயே, நீயே பாரப்பா” என்றார் பெரியவர் ஒருவர். கும்பாபிஷேகத்துக்கு மலர் போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். முன்பக்கம் அம்மன் படம், உள்ளே வாழ்த்துரைகள், கட்டளைதாரர் படங்கள், பனியன் கம்பெனிகளின் விளம்பரங்கள், நடுவில் இரண்டு பக்கம் தல வரலாறு.

அந்தத் தல வரலாற்றுக்காக விவரம் தேடித்தான் முதன்முதலில் இணையக் கலைக்களஞ்சியத்துக்குள் போனேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற களஞ்சியம் அது. எங்கள் கோயில் பெயரைப் போட்டுத் தேடினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை, விரும்பினால் நீங்களே தொடங்கலாம் என்று வந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மனே என்னிடம் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டேன். அம்மனுடைய அடியான் என்று பொருள் வருகிற ஒரு பெயரை எனக்கு வைத்துக்கொண்டு, கோயிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன்.

இரண்டு நாளில் அதன் தலையில் ஒரு அறிவிப்பு ஏறியது. சான்று தேவை என்று. யாரோ ஒருவர் மரியாதையாகவே கேட்டிருந்தார்: இந்தக் கோயிலைப் பற்றி அச்சில் வந்த நம்பகமான ஆதாரம் ஏதும் உண்டா? இல்லையென்றால் இப்பக்கம் நீக்கப்படலாம்.

பூசாரியிடம் போய்க் கோயிலின் கதையைக் கேட்டேன்.

“அதெல்லாம் ஆருக்குங்க தெரியும்? எங்கப்பன் வெளக்கு வெச்சாரு, நான் வெக்கறேன். அவ்வளவுதானுங்க.”

பங்காளிகளைக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், அதுவும் நாலு வரிக்கு மேல் போகவில்லை. அந்த நாலு வரியை நீட்டி எழுதிக்கொண்டு ராயபுரத்தில் மலர் அச்சடித்த பிரஸ்ஸுக்குப் போனேன். பிரஸ்காரர் கம்ப்யூட்டரில் பக்கத்தைக் காட்டினார்.

“ஏனுங்க, தல வரலாறுல அரைப் பக்கம் காலியா நிக்குதுங்க. போடறதுக்கு வெளம்பரமும் பாக்கி இல்லீங்க. எதாச்சும் எழுதிக் குடுத்தீங்கன்னா பொழுதோட பிளேட் போட்டரலாமுங்க.”

நின்ற இடத்திலேயே எழுதினேன். ஆற்றங்கரையில் மாட்டு வண்டிகளை அவிழ்த்துவிட்டுத் தங்கியிருந்த வியாபாரி ஒருவர் கனவில் அம்மன் வந்ததாகவும், இந்த மரத்தடியில் நான் இருக்கிறேன் என்று சொன்னதாகவும், விடிந்து தோண்டியபோது கல் கிடைத்ததாகவும். எத்தனை நூற்றாண்டுக்கு முன் என்று ஒரு கணக்கும் போட்டேன். அப்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்படித்தானே இருந்திருக்கும் என்று தோன்றியது. அம்மனுக்குச் செய்கிற அலங்காரத்தில் ஒரு முழம் பூவைக் கூடுதலாகச் சுற்றியதாகத்தான் நினைத்தேன்.

மலர் வந்தது. களஞ்சியத்தில் எங்கள் கோயில் பக்கத்துக்கு அடியில் ‘கும்பாபிஷேக மலர், தல வரலாறு, பக்கம் இன்னது’ என்று ஆதாரம் போட்டேன். எழுதியவன் நான் என்று போடவில்லை. கேட்டவர் நன்றி சொல்லி அறிவிப்பை எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

இதுவரை சொன்னது முதல் தப்பு. இரண்டாவதைச் சொல்லத்தான் இத்தனை வருஷம் ஆயிற்று.

அந்தக் களஞ்சியத்தில் எது இருக்கலாம், எது கூடாது என்று பேசி முடிவெடுக்கிற ஒரு பக்கம் உண்டு. குறிப்பிடத்தக்கமை என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். ஒருவரைப் பற்றியோ ஓர் இடத்தைப் பற்றியோ, சம்பந்தப்படாத வெளியார் யாராவது அச்சில் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் பக்கம் நிற்கும். யாரும் ஒரு பக்கத்தை நீக்கப் பரிந்துரைக்கலாம். ஒரு வாரம் கருத்துக் கேட்பார்கள், பிறகு நிருவாகி ஒருவர் முடிவு சொல்வார். எனக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. கட்டுரை எழுத எனக்குப் பெரிதாக வராது. தப்புக் கண்டுபிடிக்க வரும். தன்னைத் தானே கவிஞர் என்று எழுதிக்கொண்டவர், தெருக் கிரிக்கெட் டீம், மனை விற்கிறவர், எல்லாவற்றுக்கும் அறிவிப்பு ஒட்டினேன். அதில் பெரும்பாலும் சரிதான். முகம் தெரியாத படித்தவர்கள் எனக்கு நன்றி எழுதினார்கள். பத்தாவது படித்தவனுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டில் என் மனைவி கேட்பாள். “ஏனுங்க, கம்பெனிலதான் நாள் பூராவும் பீஸ் பாக்கறீங்க. ஊட்டுக்கு வந்துமா? அதென்னங்க போன்லயும் ரிஜெக்ட்டு?”

“இது சேவை. உனக்குத் தெரியாது.”

“சேவைங்களா? செரி, அந்தச் சேவைய முடிச்சுப்போட்டு வந்து சோத்தத் தின்னுங்க, ஆறிப்போச்சு.”

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுப் பக்கத்தைப் பார்த்தேன். திருப்பூரில் அயர்ன் மாஸ்டராக இருந்து இறந்துபோன ஒருவரைப் பற்றியது. தெற்கத்தி மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்தவர். வடநாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வந்த பையன்கள் யாராவது ரூமில் இறந்துபோனால், கூட இருப்பவர்களுக்குப் பாஷையும் தெரியாது, எங்கே போவது என்றும் தெரியாது. இவர் தேய்ப்பு மேஜையில் நின்றே இந்தி கற்றுக்கொண்டவர். ஆஸ்பத்திரிக்குப் போய், காகிதங்களை முடித்து, பையனின் ஊரை விசாரித்து, ரயிலேறிக் கூடவே போய்த் தாய் தகப்பன் கையில் சேர்த்துவிட்டு வருவார். சில பேருக்கு உடம்பாக, சில பேருக்குச் சாம்பலாக. திரும்பி வந்ததும் மறுநாள் தேய்ப்பு மேஜையில் நிற்பார். இதைப் பல வருஷம் செய்திருக்கிறார். யாரும் அனுப்பிப் போனதில்லை.

எழுத்து தடுமாற்றமாக இருந்தது. ‘எங்கள் அப்பா’ என்று ஓரிடத்தில் வந்துவிட்டது. ஆதாரம் என்று இரண்டு படம் போட்டிருந்தார்கள். ஒன்று அவர் கைப்பட ஊர்ப் பெயர்களை எழுதிய நோட்டின் ஒரு தாள். இன்னொன்று கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. வடநாட்டுப் பையன்கள் சேர்ந்து அடித்தது. தமிழிலும் இந்தியிலும், ‘எங்களை வீடு சேர்த்தவர்’ என்று போட்டிருந்தது.

படித்தபோது மனம் இளகத்தான் செய்தது. ஆனால் விரல் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது. நீக்கப் பரிந்துரைத்து இப்படி எழுதினேன்: “குறிப்பிடத்தக்கமை இல்லை. சுவரொட்டி ஆதாரம் ஆகாது. திருப்பூரில் இறக்கிற எல்லோருக்கும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள்.”

இந்த மூன்றாவது வாக்கியத்தை எழுத எனக்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

மறுநாள் பதில் வந்திருந்தது. அந்தப் பக்கத்தை எழுதியவர் என்னுடைய மற்ற கட்டுரைகளைத் தேடிப் பார்த்திருக்கிறார். “நீங்கள் எழுதிய கோயில் பக்கத்துக்கும் அந்தக் கோயில்காரர்களே அடித்த மலர்தானே ஆதாரம்? அதுவும் அச்சடித்தது, இதுவும் அச்சடித்தது. அதற்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?” என்று கேட்டிருந்தார்.

மலரையும் சுவரொட்டியையும் ஒரே மேஜையில் விரித்தால் இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னால் சுவரொட்டிதான் உசத்தி, அதில் பொய் இல்லை. அதை ஒத்துக்கொண்டால் கோயில் பக்கமும் நீக்கப்படும், அந்த அரைப் பக்கம் வெளியே வரும், பங்காளிகள் முன் என் மானம் போகும். அங்கே பழகிய ஒரு வாதத்தைக் கொண்டுவந்து போட்டேன். “வேறொரு கட்டுரையைக் காட்டி இக்கட்டுரையைக் காப்பாற்ற முடியாது. இதற்கான ஆதாரத்தை மட்டும் தரவும்.” இரண்டு பேர் எனக்கு ஆதரவாக எழுதினார்கள்.

மூன்றாம் நாள் டீ நேரத்தில், என் பிரிவில் செக்கிங் பார்க்கிற பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். அமைதியான பெண். தெற்கத்திப் பக்கம். ஆறேழு மாதத்துக்கு முன் அப்பா இறந்துபோனார் என்று லீவு கேட்டிருந்தாள். நானும் சரி என்று கையெழுத்துப் போட்டிருந்தேன், என்ன ஏது என்று விசாரித்ததில்லை.

“சார், நீங்க நெட்டுல தமிழ்ல எழுதுதீயன்னு சொல்லுதாவ. எனக்கு ஒரு உதவி செய்வியளா?”

“என்ன கண்ணு?”

அவள் போனை நீட்டினாள். திரையில் அந்த அயர்ன் மாஸ்டரின் பக்கம். மேலே நான் ஒட்டிய அறிவிப்பு.

“எங்க அப்பா சார். நாந்தான் எழுதுனேன். ஒருத்தன் வந்து அழிக்கணும்னு நிக்கான். பேரப் பாருங்க, பெரிய பக்திமான் கணக்கா பேரு வச்சிருக்கான். மனசுல ஒரு பொட்டு ஈரம் இல்ல.”

என் பெயரை அவள் விரலுக்கு மேலே பார்த்தேன். டீ டம்ளர் கையில் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

“இது எதுக்குக் கண்ணு உனக்கு? அப்பா செஞ்ச புண்ணியம் அவருக்குப் போய்ச் சேந்திருக்கும்.”

“அதுக்கில்ல சார். ஒரிசாவுல இருந்து ஒரு அண்ணன் போன் பண்ணுனாரு. அவரு தம்பிய அப்பாதான் கொண்டுபோய் விட்டாவளாம். அப்பா இல்லன்னதும் அழுதாரு. அதுக்குள்ள லைன் கட்டாயிட்டு. அப்புறம் கெடைக்கவே இல்ல. அப்படித் தேடுதவங்க போன்ல அப்பா பேரத் தட்டுனா எதாவது வரணும்லா? பெறகு…” கொஞ்சம் தயங்கினாள். “எங்க அத்த, அப்பாகூடப் பொறந்தவ, ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியுதா. திருப்பூருக்குப் போயி இருபத்தஞ்சு வருசம் துணி தேச்சான், ஒரு செவரு கூட எழுப்பலன்னு. வருசத் தெவசத்துக்கு வருவா. அன்னைக்கு இத அவகிட்டக் காட்டணும் சார். அவ்வளவுதான்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ‘அந்த ஆள் நான்தான் கண்ணு’ என்று ஒரு வரி. அன்று மாலையே பரிந்துரையைத் திரும்பப் பெற்றிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பெரிய மனிதனைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பேப்பர்ல எதாச்சும் வந்திருந்தா நிக்கும் கண்ணு. யாராச்சும் நிருபரப் பாரு” என்று யோசனை சொன்னேன்.

அவள் நம்பினாள். அரை நாள் லீவு போட்டு நோட்டையும் சுவரொட்டியையும் எடுத்துக்கொண்டு ஒரு நிருபரைப் போய்ப் பார்த்தாள். இறந்த அன்றே வந்திருந்தால் போட்டிருக்கலாம், இப்போது என்ன செய்தி என்று போடுவது, திவசத்துக்கு வேண்டுமானால் பார்ப்போம் என்று அவர் சொன்னாராம். அதை வந்து என்னிடம் சொன்னாள். களஞ்சியத்திலும் எழுதினாள், கொஞ்ச காலம் அவகாசம் கொடுங்கள் என்று. நல்ல மனசுள்ள ஒருவர், கொடுக்கலாமே, அருமையான விஷயமாக இருக்கிறதே என்று எழுதினார்.

நான் அதற்கும் பதில் எழுதினேன். அவகாசம் என்பதற்கு முடிவே இல்லை, ஆதாரம் கிடைத்தபின் எழுதிக்கொள்ளட்டும், விதி எல்லோருக்கும் பொது என்று. விதி எல்லோருக்கும் பொது என்று எழுதியவன் நான். இப்போதும் சொல்கிறேன், விதி தப்பில்லை. அது இல்லாவிட்டால் அங்கே ஆளாளுக்குத் தங்கள் புராணத்தை ஏற்றிவிடுவார்கள். என்னைப் போல. அந்த விதியை அவளுக்கு நிமிர்த்திப் பிடித்தேன், எனக்கு மடக்கி வைத்துக்கொண்டேன்.

வாரம் முடிந்தது. பக்கத்தை நீக்கிவிட்டார்கள். மறுநாள் காலை அவள் மேஜையில் நின்றுகொண்டு, பீஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

“போயிட்டு சார்.”

“விடு கண்ணு. சாமிக்குத் தெரியும்.”

“சாமிக்கு எப்பவும் தெரியும் சார். மனுசனுக்குத் தெரியணும்னுதான கேட்டேன்.”

செய்ததற்கெல்லாம் வெட்கப்படுகிறேன். ஆனால் நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசுவது அந்த ‘சாமிக்குத் தெரியும்’ என்ற வார்த்தைக்காக. என் தப்பை மூட அம்மனை ஒரு துணியாக எடுத்துப் போர்த்தினேன்.

சில மாதம் கழித்து அப்பாவின் வருஷத் திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். உதவி செய்தவர் என்று. போகாமல் இருந்தால் சந்தேகம் வருமோ என்று போனேன். அருள்புரத்தில் ஒரு லைன் வீடு. ஒரே அறை, முன்னால் பொதுவாசல். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். வாசலில் வடநாட்டுப் பையன்கள் வந்து நின்றார்கள். கம்பெனிக்கு லீவு போட்டு வந்தவர்கள். ஒருவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

“மாஸ்டர் நல்ல ஆளு சார். எங்க ஊர் வந்தாரு. ரெண்டு ரயில், அப்புறம் பஸ், அப்புறம் நடை. எங்க அம்மா ரொட்டி குடுத்தாங்க. இன்னும் கேக்கறாங்க, அந்த மதராஸி எப்படி இருக்கார்னு.”

“உங்க ஊட்டுல போனது யாருங்க?”

“அண்ணா” என்றான். சோற்றைப் பிசைந்தான்.

அந்த அத்தை வந்திருந்தாள். காது வளர்த்த, குரல் பெரிய அம்மாள். இலை எடுத்தபின் எல்லோரும் இருக்கும்போதே கேட்டாள். “ஏட்டி, ஒங்க அப்பனப் பத்தி ஒலகமே பாக்கற மாதிரி போட்டிருக்குன்னு போன்ல பீத்துனியே, எங்க, காட்டு பாப்பம்.”

“எடுத்துட்டாங்க அத்தை.”

“எடுத்துட்டாவளா? ஏன்?”

“அதுல இருக்கதுக்கு அப்பா பெரிய ஆளு இல்லையாம்.”

அத்தை ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ வாசலில் நின்ற பையன்களைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு, கை கழுவி, அந்தப் பெண்ணின் தாயாரிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். “வந்ததுக்கு ரொம்ப நன்றிய்யா” என்று கையெடுத்துக் கும்பிட்டார் அந்த அம்மாள்.

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. களஞ்சியத்தின் பக்கம் போவதை மட்டும் நிறுத்தினேன். கொஞ்ச நாளில் அவள் வேறு கம்பெனிக்கு மாறிப் போனாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

என்னைப் பேச வைத்தது எங்கள் கோயில்தான். இரண்டு வருஷம் கழித்து ஓர் அமாவாசையில், வெளியூர்க் குடும்பம் ஒன்று சன்னதியில் நின்றது. தகப்பன் போனைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு உரக்கப் படித்தார். ஆற்றங்கரையில் வண்டிகளை அவிழ்த்துத் தங்கிய வியாபாரி, கனவு, மரத்தடி, கல். பிரஸ்ஸில் நின்று நான் எழுதிய வரிகள், எழுத்துக்கு எழுத்து. பிள்ளைகளில் சின்னப் பெண் அம்மனை அண்ணாந்து பார்த்து, “நெஜமாப்பா?” என்றாள். தகப்பன் பூசாரியைப் பார்த்தார். ஒன்றும் தெரியாது என்று என்னிடம் சொன்ன அதே பூசாரி தட்டோடு வந்து சொன்னார்: “நெசந்தான் சாமி. அந்த வியாபாரி மாட்டக் கட்டுன எடம் அதா, அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. எங்க பாட்டன் சொல்லுவாருங்க.”

தீபாராதனை காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னால் கற்பூரத்தின் மேல் கையைக் கொண்டுபோக முடியவில்லை. இல்லாத வியாபாரிக்கு மாடு கட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது. ரயிலேறிப் போய்ப் பிணத்தை வீடு சேர்த்தவருக்கு இடம் இல்லை. இரண்டையும் செய்தவன் நான், நெற்றியில் திருநீறோடு நிற்கிறேன்.

வெளியே வந்து பூசாரியைத் தனியே கூப்பிட்டு, அது நான் எழுதின கதை என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“அதெப்படிங்க பொய்யாகும்? ஊரே சொல்லுதுங்களே.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள். பிறகு, “அந்தப் புள்ள ஊட்டுல உக்காந்து சோறு வேற தின்னுட்டு வந்தீங்களாக்கும்” என்றாள். அதற்கு மேல் அவள் திட்டியிருந்தாலும் இவ்வளவு உறைத்திருக்காது.

அந்த வாரமே அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். அதே லைன் வீடுதான். சைக்கிள் வண்டிக் காய்க்காரரிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாங்க சார்! என்ன இந்தப் பக்கம்?” உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெயர் என்னுடையது. சுவரொட்டி எல்லோருக்கும்தான் ஒட்டுகிறார்கள் என்று எழுதியது நான். அவகாசம் கொடுக்காதே என்றது நான். அந்தக் கோயில் மலரில் அரைப் பக்கம் பொய், அதை எழுதியதும் நான். சொல்லும்போது குரல் உடைந்தது. அதுகூட அவள் முன்னால் எனக்கு அசிங்கமாக இருந்தது.

அவள் தாயார் உள்ளேயிருந்து, “யாருட்டி?” என்றார்.

“பழைய கம்பெனி சார்ம்மா” என்றாள். பிறகு என்னிடம், தாழ்ந்த குரலில்:

“டீ குடிக்கையில கேட்டேன்லா சார், அன்னைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கு நீங்க அழிச்சது கூடப் பெருசு இல்ல. ஒங்ககிட்டயே வந்து யோசன கேட்டம் பாத்தியளா…”

“நான் சரி பண்றேன் கண்ணு. யாரையாச்சும் புடிச்சுப் பேப்பர்ல வர வெக்கறேன். மறுபடி அந்தப் பக்கத்த நானே எழுதறேன்.”

“வேண்டாம் சார்.”

“இல்ல கண்ணு…”

“எங்க அப்பா பேர நீங்க எழுத வேண்டாம் சார். எங்கயும்.” கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பீஸை எடுத்துப் பார்த்துத் தனியே வைக்கிற நிதானத்தோடு சொன்னாள். “என்னைக்காவது நானே எழுதுதேன். இல்ல, எழுதாம போதேன். நீங்க தண்ணியக் குடிங்க.”

குடித்தேன். மறுக்க முடியவில்லை.

களஞ்சியத்துக்குத் திரும்பப் போய், எங்கள் கோயில் பக்கத்தை நானே நீக்கப் பரிந்துரைத்தேன். அந்த மலரை எழுதியவன் நான், அரைப் பக்கம் கற்பனை என்று ஒளிக்காமல் எழுதினேன். ஒரு வாரம் பேசினார்கள். என் நேர்மையைப் பாராட்டினார்கள், அது தாங்க முடியாததாக இருந்தது. இதற்கிடையில் யாரோ கோயில்களைப் பற்றிய ஒரு புத்தகத்தில் எங்கள் கோயிலின் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டார்கள். பக்கம் நிற்கட்டும், கதை மட்டும் போகட்டும் என்று முடிவாயிற்று. கதை அங்கேயிருந்து போயிற்று. கோயிலில் போகவில்லை. போன பங்குனியில் வண்டியும் மாடுமாகப் படம் வரைந்து பெரிய பிளக்ஸ் வைத்துவிட்டார்கள். பங்காளிகளிடம் சொன்னேன். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு, “அம்மன் காரியத்துல இப்படியெல்லாம் பேசாதப்பா, ஆகாது” என்றார். இப்போதும் அமாவாசைக்குப் போகிறேன். பிளக்ஸைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. போய் நின்று, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றுவிட்டு வருகிறேன்.

அந்த மனிதரின் பெயர் இதில் இல்லை. அவர் ஊரும் கம்பெனியும் இல்லை. அவள் வேண்டாம் என்றாள், அதனால் இல்லை. இதை எழுதவும் அவளிடம் கேட்டேன், ஆள் அனுப்பித்தான். “ஒங்களப் பத்தி நீங்க எழுதுங்க, அதுக்கு நான் யாரு” என்று சொல்லியனுப்பினாள். அது சம்மதமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது இதைச் சொல்ல நேர்ந்தால், இருக்கிறபடியே சொல்லுங்கள். அவர் மேல் உள்ள மரியாதையில் அவர் போன ஊர்களைக் கூட்ட வேண்டாம். அவருக்கு ஒரு பெயரைச் சூட்ட வேண்டாம். அவர் யாருடைய கனவிலும் வர வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு நான் செய்ததில் ஒரு வரியையும் விட வேண்டாம், முக்கியமாக அந்தச் சுவரொட்டி வாக்கியத்தை. கேட்டவர் நம்பாமல், இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால், ஒன்றும் இல்லை, ஒருவன் எழுதியிருந்தான், படித்தேன் என்று மட்டும் சொல்லுங்கள்.